மோன்ட்ரியான் ஓவியத்திலிருந்து பிறந்ததா அந்த நாற்காலி?

ஒரு பக்கம் நெதர்லாந்து ஓவியர் மோன்ட்ரியான் 1930-இல் வரைந்த சிவப்பு, நீல, மஞ்சள் கட்ட ஓவியம். மறுபக்கம் வடிவமைப்பாளர் கெரிட் ரீட்ஃபெல்டின் சிவப்பு நீல நாற்காலி. 'இந்த ஓவியத்தைப் பார்த்துத்தான் இந்த நாற்காலியைச் செய்தார்' என்ற வரியோடு இரண்டையும் அருகருகே வைத்த படம் பரவுகிறது. இது தவறு.

நாற்காலியின் வடிவம் 1918 வாக்கில் உருவானது. அப்போது அதில் வண்ணமே கிடையாது, வெறும் மரம். வண்ணம் பூசியது 1923 வாக்கில். அதுவும் அந்த ஓவியத்துக்கு ஏழு ஆண்டுகள் முன்பு.

இருவருக்கும் உறவே இல்லை என்பதல்ல. இருவருமே நெதர்லாந்தின் 'டி ஸ்டைல்' என்ற கலை இயக்கத்தைச் சேர்ந்தவர்கள். அடிப்படை வண்ணங்கள் அந்த இயக்கத்தின் பொதுச் சொத்து.

ஆனால் நாற்காலியின் உயிர் வண்ணத்தில் இல்லை. ரீட்ஃபெல்ட் தச்சர் மகன், தானும் தச்சர். கட்டைகளை ஒன்றுக்குள் ஒன்று செருகாமல், ஒன்றையொன்று உரசிக் கடந்துபோகவிட்டு, உள்ளே மர ஆணியால் இணைத்தார். கருப்புக் கட்டைகளின் வெட்டுமுனைகளில் மட்டும் மஞ்சள் பூசியதால், அவை அங்கே முடியாமல் வெளியில் நீள்வதுபோல் தெரிகின்றன. எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். இதே சிந்தனையை 1924-இல் உட்ரெக்ட் நகரில் அவர் கட்டிய ஷ்ரோடர் வீட்டின் சுவர்களிலும் பால்கனிகளிலும் காணலாம். இங்கே நாற்காலிதான் முந்தியது, கட்டடம் பிந்தியது.