பாவம் பாத்தா பட்டரி வெடிக்காம விடுமா?

சேஃப்டி செக்கிங்ல தவறின ரோபோவ போட்டியில இறக்கக் கூடாது எண்டு ரோபோ போட்டியள்ட பாதுகாப்பப் பத்தின ஒரு கட்டுரையில எழுதியிரிக்கிறது சரிதான், ஆனா எங்கட மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் சட்டமெல்லாம் பேப்பர்ல வடிவா இரிக்கும், கடைசில ஒரு டீம் வீங்கின லிப்போ (லித்தியம் பொலிமர்) பட்டரியோட வந்து நிண்டா "பாவம் புள்ளையள், விடிய பஸ் ஏறி வந்திரிக்காங்க, விடுங்க சேர்" எண்டு விட்டுருவாங்க. பட்டரிக்கு பாவம் தெரியுமா? லிப்போ ஒரு செல் 3.7 வோல்ட், ஃபுல் சார்ஜ் 4.2, அதுக்கு மேல ஏத்தினா உள்ளுக்க வாயு வந்து வீங்கும், பிறகு நெருப்புத்தான். எல்லா செல்லையும் சமமா ஏத்துற பெலன்ஸ் சார்ஜர் இல்லாம ஏதோ ஒரு அடெப்டர்ல வயரச் சுத்தி, கொப்பி புத்தகத்துக்கு நடுவுல மேசையில சார்ஜ் போட்டிரிக்கிறத நானே கண்டிரிக்கன். எங்கட மத்தியான வெயில்ல பூட்டின வேனுக்குள்ள விட்டுட்டுச் சோறு திங்கப் போனாலும் வில்லங்கம்.

அமெரிக்காவில ஃபெர்ஸ்ட் ரோபோட்டிக்ஸ் போட்டியில லிப்போவ மெயின் பட்டரியா விடுறதே இல்ல. 12 வோல்ட் லெட் அசிட், கரண்ட் கூடினா தானா அறுக்கிற 120 அம்பியர் மெயின் பிரேக்கர், டீமெல்லாம் ரோபோவத் திருத்துற பிட்டுக்குள்ள போறதெண்டா பாதுகாப்புக் கண்ணாடி, விரல் மூடின சப்பாத்து. இன்ஸ்பெக்ஷன் பாஸ் இல்லாட்டி மெச் இல்ல, அவ்வளவுதான்.

என்னக் கேட்டா செக்கிங்க முதல் நாள் பின்னேரமே வையுங்க, திருத்த நேரம் கிடைக்கும், போட்டியண்டு காலமையில நிப்பாட்டினா அழுகையும் தாய் தகப்பன்ட சண்டையும்தான் மிச்சம். நல்ல பட்டரி ரெண்டு மூண்டு, கொஞ்சம் கண்ணாடி, ஏற்பாட்டாளர்மாரே வாங்கி வைக்கலாமே, பொன்னாடைக்கும் மேடைக்கும் மட்டும் எங்கயிருந்து காசு வருது?