‘நாட்டு நாட்டு’ பாடலுக்கான ஆஸ்கர் பாடகர்களுக்கு வழங்கப்பட்டதா?

‘ஆர்.ஆர்.ஆர்.’ படத்தின் ‘நாட்டு நாட்டு’ பாடலைப் பாடிய ராகுல் சிப்லிகஞ்சும் கால பைரவாவும் ஆஸ்கர் விருது பெற்றவர்கள் என்று பகிரப்படும் தகவல் தவறானது. 2023 மார்ச்சில் நடந்த 95ஆவது விழாவில் சிறந்த அசல் பாடலுக்கான விருதைப் பெற்றவர்கள் இசையமைப்பாளர் எம்.எம். கீரவாணியும் பாடலாசிரியர் சந்திரபோஸும் மட்டுமே. பாடகர்கள் இருவரும் அதே மேடையில் பாடலை நேரடியாகப் பாடியதால் இந்தக் குழப்பம் எழுந்திருக்கலாம்.

இந்தப் பிரிவு பாடலை எழுதியவர்களுக்கும் இசையமைத்தவர்களுக்கும் உரியது. வரிகளும் மெட்டும் அந்தப் படத்துக்கென்றே புதிதாக உருவாக்கப்பட்டிருக்க வேண்டும். படத்தின் ஓட்டத்திலோ, இறுதிப் பெயர்ப்பட்டியலின் முதல் இசையாகவோ பாடல் தெளிவாக ஒலிக்க வேண்டும். ஆஸ்கர் வழங்கும் அமைப்பான அகாதெமியின் இசைப் பிரிவு உறுப்பினர்கள் ஐந்து பாடல்களைப் பரிந்துரைக்க, வாக்குரிமையுள்ள எல்லாப் பிரிவு உறுப்பினர்களும் வாக்களித்து வெற்றிப் பாடலைத் தேர்வு செய்கிறார்கள். குரலுக்கென்று தனி ஆஸ்கர் இல்லை.

2009இல் ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்தின் ‘ஜெய் ஹோ’ வென்றபோதும் விருது இசையமைப்பாளர் ஏ.ஆர். ரகுமானுக்கும் பாடலாசிரியர் குல்சாருக்கும்தான் சென்றது. அதன் முதன்மைக் குரலான சுக்விந்தர் சிங்குக்கு அல்ல. அதே ஆண்டு, அதே படத்தின் ‘ஓ சாயா’ பாடலுக்காக ஈழத் தமிழ்ப் பின்னணி கொண்ட மாயா அருள்பிரகாசம் ரகுமானுடன் பரிந்துரைக்கப்பட்டார் என்றால், அவர் அதைப் பாடியதோடு அதன் ஆக்கத்திலும் பங்கேற்றதே காரணம். ‘ஸ்கைஃபால்’ பாடலுக்காகப் பிரிட்டிஷ் பாடகி அடெல் விருது பெற்றதும் இவ்வாறே.

பாடகர்களின் உழைப்பு பெரிது என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர்களைப் பாராட்டும் ஆர்வத்தில் சந்திரபோஸின் பெயரே விடுபட்டுப் பகிரப்படுவது அந்தப் பாடலாசிரியருக்கு இழைக்கப்படும் அநீதி.