ஜூரிக்கு போறது வேலையத்தவன் வேலையா?

அந்த பழைய மாணவர் கூட்டத்து வீடியோவ பாத்தவங்களுக்கு நான் எத பத்தி பேசுறேன்னு தெரியும், பேர் சொல்ல விரும்பல. "ஜூரிக்கு போறது வேலையத்தவன் வேலை, ஒரு மெடிக்கல் எடுத்து குடுத்தா விட்டுருவாங்க, நம்ம சேருக்கு அது கூட தெரியல"ன்னு மைக்ல சொன்னாரு. அழைப்பாணை வந்து ஜூரியா போன அந்த சேர் நான்தான். எல்லாரும் கை தட்டுனாங்க. நான் படிப்பிச்ச பிள்ளைங்களும் தட்டுனாங்க, அதுதான் தாங்க முடியல.

ஜூரிக்கு, அதாவது வழக்க கேட்டு ஒருத்தர் குற்றவாளியா இல்லையான்னு முடிவு சொல்ற குழுவுக்கு, கூப்பிட்டா போகணும். இதுதான் நான் சொல்ல வந்தது, இத எத்தன தடவ வேணும்னாலும் சொல்லுவேன்.

இப்ப இலங்கையில மேல் நீதிமன்றத்துல பெரும்பாலான வழக்கு ஜூரி இல்லாமதான் நடக்குது. பாரதூரமான சில வழக்குல எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், கேட்டா மட்டும் ஏழு பேர் ஜூரி. சிங்களமா, தமிழா, இங்கிலீஷான்னு எந்த மொழி ஜூரி வேணும்னு தெரிவு செய்ற உரிமையும் எதிரிக்கு இருக்கு. 1979ஆம் வருஷ குற்றவியல் நடவடிக்கைமுறை சட்டத்துலயே இருக்கிற விஷயம். தமிழ் பேசுற ஒருத்தன் தமிழ் ஜூரி கேட்டு நிக்கிறப்ப, பேர் பட்டியல்ல இருக்கிற தமிழ் ஆளுங்க எல்லாம் மெடிக்கல் எடுத்துட்டு வீட்டுல இருந்தா அந்த உரிமைய வச்சு அவன் என்ன செய்வான்? ஏழுல அஞ்சு பேராவது ஒத்துக்கிட்டாதான் தீர்ப்பு. ஒரு ஆள் வராட்டி என்னன்னு கேக்குறவங்க இந்த கணக்க கொஞ்சம் யோசிங்க.

வழக்கு என்னன்னு சொல்ல மாட்டேன், அறைக்குள்ள பேசினதையும் சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு சொல்லியே ஆகணும். சாட்சி சொல்ல தேயிலை கொழுந்து எடுக்கிற ஒரு அம்மா வந்தாங்க. கூண்டுல ஏற முதல் செருப்ப கழட்டி படிக்கு கீழ ஓரமா வச்சாங்க, யாரும் கழட்ட சொல்லல. எத்தன மணின்னு லோயர் திருப்பி திருப்பி கேக்குறாரு, "கடைசி கொழுந்து எடை நிறுத்துட்டு வந்தேங்கய்யா"ன்னு மட்டும்தான் அவங்களுக்கு சொல்ல தெரியுது. எங்கம்மா தினமும் அந்த நேரத்துக்குதான் கூடைய இறக்கி வச்சிட்டு தோட்டத்து லய வீட்டுக்கு வருவாங்க. எனக்கு அது எந்த நேரம், மலையில எவ்வளவு வெளிச்சம் இருக்கும்னு தெரியும். அந்த ஜூரி வரிசையில அது தெரிஞ்ச ஒரு ஆளாவது உக்காந்திருக்கணுமா இல்லையா?

2006ல சுட்டுக் கொல்லப்பட்ட தமிழ் எம்.பி. ரவிராஜோட வழக்குல என்ன நடந்துச்சு, 1996ல தமிழ் கிராமத்து ஆளுங்கள கொன்ன குமாரபுரம் வழக்குல என்ன நடந்துச்சு, ஜூரிய நம்ப சொல்றீங்களான்னு ஒரு தம்பி கேட்டாரு. நியாயமான கேள்வி. 2016ல ரெண்டுலயுமே சிங்களம் பேசுற ஜூரி எதிரிகள விடுதலை செஞ்சுச்சு, ரவிராஜ் வழக்கு தீர்ப்பு நள்ளிரவு தாண்டி வந்துச்சு, அன்னைக்கு எனக்கும் வயிறு எரிஞ்சது. இந்த முறையே வேணாம், மாத்தணும்னு சொல்றீங்களா, சொல்லுங்க, நானும் சேந்து கேக்குறேன். ஆனா முறை இருக்கிற வரைக்கும் நாம ஒதுங்கி நின்னா யாருக்கு லாபம்?

சம்பளம் போகும், பஸ் காசு யாரு தருவாங்கன்னு இன்னொருத்தர். நாட்கூலி ஆளுங்களுக்கு அது பெரிய பிரச்சின, ஒத்துக்கிறேன். ஆனா எனக்கு தெரிஞ்சு இந்த அழைப்பாணை வந்தது எல்லாம் கவர்மெண்ட் உத்தியோகத்துல, பேங்குல இருக்கிறவங்களுக்கு. மைக் பிடிச்சவரு வந்து இறங்கினது சொந்த வேன்ல. அவரு நாட்கூலிய பத்தி பேச வேணாம்.

எனக்கு அழைப்பாணை வந்தன்னைக்கு அப்பாவுக்கு கோல் எடுத்து சொன்னேன். "கோட்டுக்கா? நாம என்னப்பா தப்பு செஞ்சோம்?"னு கேட்டாரு. குரல் நடுங்குச்சு. விளங்கப்படுத்தின பிறகும் நம்பல, அம்மாகிட்ட போன குடுத்துட்டாரு. அவரு பயந்ததுல தப்பே இல்ல. இந்தியாவுல இருந்து வந்த தோட்டத்து ஆளுங்களுக்கு பிரஜாவுரிமை குடுக்காத 1948 சட்டத்துல அது இல்லாம போய், வோட்டும் இல்லாம, நாடற்றவராவே செத்தாரு எங்க தாத்தா. தோட்டத்து ஆளுங்கள பங்கு பிரிக்க 1964ல இலங்கையும் இந்தியாவும் செஞ்ச சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துல அத்தை குடும்பம் இந்தியாவுக்கு போச்சு, அதுக்கு பிறகு அப்பா அத்தைய பாக்கவே இல்ல. அப்பா தன்னோட பிரஜாவுரிமை பத்திரத்த இன்னைக்கும் பொலித்தீன் பேக்ல சுத்தி ட்ரங்கு பெட்டிக்குள்ள வச்சிருக்காரு. எங்க ஆளுங்க கோட்டு வாசலுக்கு போனது எதிரியா, இல்லாட்டி சாட்சியா. அந்த குடும்பத்துல இருந்து ஒருத்தன முடிவு சொல்ற இடத்துல உக்கார வச்சிருக்காங்க, அதுக்கு மெடிக்கல் குடுக்கணுமா? எங்க அப்பன் முகத்த பாத்து சொல்லுங்க அத.

பெருமைக்கு போனேன்னு சொல்றவங்களுக்கு, ஆமா, பெருமையாதான் இருந்துச்சு. இருக்க கூடாதா? இங்க ஒருத்தன் கொஞ்சம் முன்னுக்கு வந்தா முதல்ல சிரிக்கிறது நம்ம ஆளுங்கதான், வெளி ஆள் யாரும் இல்ல. இத எழுதும்போதும் கோவம் அடங்கல, மன்னிப்பு கேக்கவும் மாட்டேன்.

நெசமாவே சுகமில்ல, வர முடியாதுன்னா உள்ள காரணத்த கோட்டுக்கே சொல்லி கேளுங்க, பொய் மெடிக்கல் மட்டும் வேணாம். நுவரெலியா, பதுளை, கண்டி பக்கம் யாருக்காவது இப்ப அழைப்பாணை வந்து யோசிச்சிக்கிட்டு இருந்தா இன்பொக்ஸ் வாங்க, அங்க என்ன நடக்கும், எப்பிடி பேர் கூப்பிடுவாங்கன்னு எனக்கு தெரிஞ்சத சொல்றேன். வழக்கு விபரம் மட்டும் கேக்காதீங்க.