வெளிநடப்பு மட்டும்தானா?

எதிர்க்கட்சி எம்.பி.க்களுக்கு வெளிநடப்பை விட்டால் வேறு வேலை இல்லை என்கிறது உங்கள் கட்டுரை. தி.மு.க.வின் திருச்சி சிவாவை மறந்துவிட்டீர்களே! திருநர் உரிமைக்காக அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதா (அமைச்சராக இல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதா) 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவை ஒரு தனிநபர் மசோதாவை நிறைவேற்றியது 45 ஆண்டுகளில் அதுவே முதல் முறை. அதுவும் வெள்ளிக்கிழமை மதியம், பாதி உறுப்பினர்கள் ஊருக்குக் கிளம்பும் நேரம். மக்களவையில் தேறவில்லை, சரி. 2019-இல் அரசு கொண்டுவந்த சட்டத்தில், அவர் கேட்ட 2 சதவீத இடஒதுக்கீடு காணாமல் போனது. எங்கள் கடலூர் டவுன் பஸ்ஸில் திருநங்கைக்குப் பக்கத்து சீட் இன்றும் காலியாகத்தான் வருகிறது.

அப்புறம், முதியோர் பென்ஷனில் 80 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மத்திய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய்தான். அதையும் எம்.பி.க்கள் யாராவது எழுந்து கேளுங்கள்.