டெஃப்ளான் டேப்பை எந்தப் பக்கம் சுத்துறீங்க?

தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் போர் தண்ணில உப்பு ஜாஸ்தி. ஷவர் ஓட்டை அடைச்சுக்கும், குழாயும் ஒழுகும். நீங்களே மாத்துங்க, நல்லதுதான். ஆனா தண்ணி ஒழுகாம இருக்கக் குழாய் மரையில சுத்துற வெள்ளை டெஃப்ளான் டேப்பைத் தப்பாச் சுத்துறாங்க பாருங்க, வயிறு எரியுது! மரை முனை உங்களைப் பார்க்கணும். கடிகார முள் போற பக்கமா, இழுத்துப் பிடிச்சு பத்துப் பன்னிரண்டு சுத்து. எதிர்ப்பக்கம் சுத்தினா முடுக்கும்போதே டேப் சுருண்டு வெளிய வந்துடும். உடனே பைப் ரெஞ்ச் போட்டு முறுக்குறது! குழாய் மாட்டுற பிளாஸ்டிக் எல்போ (வளைவு இணைப்பு) சுவருக்குள்ளயே விரிசல் விடும். டைல்ஸை உடைக்காம வேலை ஆகாது. கையால இறுக்கிட்டு, ஸ்பேனர்ல ஒண்ணு, ஒண்ணரை சுத்து போதும். குழாய் நேரா நிக்கலன்னு பின்னாடி திருப்பவே கூடாது, கழட்டிப் புது டேப் போடுங்க. ஷவர் உப்புக்கு ஆசிட் ஊத்தாதீங்க, குரோம் உரிஞ்சிடும். வெள்ளை வினிகர்ல பாதிக்குப் பாதி தண்ணி கலந்து அரை மணி நேரம் ஊற வைங்க.