ஐந்து ரூபாய் பிஸ்கட்டில் என்ன ஒளிந்திருக்கிறது?

(மளிகைக் கடை. சார் பிஸ்கட் பாக்கெட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.)

அண்ணாச்சி: தேதி அடியில் இருக்கு சார். இன்னும் நாலு மாசம் தாங்கும்.

சார்: தேதி பார்க்கவில்லை. கொஞ்சம் டியூப்லைட்டை மறைக்காமல் நில்லுங்கள் அண்ணாச்சி.

அண்ணாச்சி: ஏன், எலி கடித்திருக்கா?

சார்: இந்தப் படத்துக்குள் எங்கேயோ கண்ணுக்குத் தெரியாமல் 'வாங்கு, வாங்கு' என்று எழுதியிருக்குமாம். மூளை படித்துவிடும், நமக்குத் தெரியாது.

அண்ணாச்சி: கண்ணுக்குத் தெரிகிற மாதிரி '5 ரூபாய்' என்று எழுதியிருக்கே, அது தெரிகிறதா?

சார்: விளையாடாதீர்கள். போன வாரம் வீட்டில் ஏர் ஃபிரையர் ஒன்று வந்து இறங்கியது. ஆர்டர் போட்டது நான்தான். ஏன் போட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

அண்ணாச்சி: வீட்டில் அம்மா என்ன சொன்னாங்க?

சார்: அவளும் அதைத்தான் கேட்டாள். பதில் தேடிக்கொண்டிருந்தபோதுதான் வாட்ஸ்அப்பில் இது வந்தது. கேளுங்கள். 1957. அமெரிக்காவில் ஃபோர்ட் லீ என்று ஓர் ஊர். ஜேம்ஸ் விக்கரி என்று ஒருத்தர். தியேட்டரில் படம் ஓடும்போதே ஐந்து வினாடிக்கு ஒரு தடவை 'பாப்கார்ன் சாப்பிடு, கோகோ கோலா குடி' என்று திரையில் மின்னவிட்டார். ஒரு வினாடியை மூவாயிரம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு நேரம். ஒருத்தர் கண்ணுக்கும் தெரியவில்லை. பாப்கார்ன் விற்பனை 57 சதவீதம் ஏறிவிட்டது!

அண்ணாச்சி: பில் இருக்கா?

சார்: என்ன பில்?

அண்ணாச்சி: எத்தனை பொட்டலம் வந்தது, எத்தனை போச்சு. கணக்கு நோட்டு.

சார்: ஆறு வாரம் நடந்திருக்கிறது அண்ணாச்சி. 45,699 பேர்!

அண்ணாச்சி: சார், நான் தினம் கல்லா எண்ணுகிறவன். 45,699 என்று ஒருத்தன் சில்லறையோடு சொன்னாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். ஆள் கணக்கு அவ்வளவு சுத்தம். பொட்டலக் கணக்கு மட்டும் ஏன் சதவீதத்தில் வருது?

சார்: பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் இதற்குத் தடையே போட்டார்கள். இல்லாத ஒன்றுக்கா தடை போடுவார்கள்?

அண்ணாச்சி: அமாவாசைக்கு நம்ம கடையில் எலுமிச்சம்பழம் எவ்வளவு போகும் தெரியுமா? வாங்குகிறவர் ஒருத்தரும் பேயைப் பார்த்ததில்லை.

(சார் கோபமாகப் போனைத் தள்ளிக்கொண்டே போகிறார். வந்த செய்தியைக் கடைசிவரை படிக்கும் வழக்கம் அவர் தெருவிலேயே யாருக்கும் கிடையாது. இன்றைக்குப் படித்துவிட்டார்.)

சார்: ம்... 1962-ல் ஒரு பேட்டியில் விக்கரியே சொல்லியிருக்கிறார்... கையில் இருந்த தகவல் ரொம்பக் கொஞ்சம், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று.

அண்ணாச்சி: பில் இல்லை.

சார்: பில் இல்லை. ஆனால் 2006-ல் நெதர்லாந்தில் முறையாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். ஒரு ஐஸ் டீயின் பெயரைக் கண்ணுக்குத் தெரியாமல் காட்டினார்கள். நிறையப் பேர் அதையே கேட்டார்கள்.

அண்ணாச்சி: எல்லாருமா?

சார்: ...ஏற்கெனவே தாகமாக இருந்தவர்கள்.

அண்ணாச்சி: தாகம் எடுத்தவன் குடித்திருக்கிறான். இதற்கு நெதர்லாந்து போகணுமா, நம்ம பஸ் ஸ்டாப்பில் மே மாசம் நின்றால் போதாதா? சரி, அந்த ஏர் ஃபிரையருக்கு வருவோம். போனில் என்ன இருந்தது?

சார்: 3,999. 'இன்னும் 2 மட்டுமே' என்று சிவப்பு எழுத்து. பக்கத்தில் ஒரு கடிகாரம், நேரம் குறைந்துகொண்டே வந்தது.

அண்ணாச்சி: சிவப்பு எழுத்து கண்ணுக்குத் தெரிந்ததா?

சார்: தெரிந்தது.

அண்ணாச்சி: கடிகாரம்?

சார்: தெரிந்தது. மறுநாள் பார்த்தேன், அப்போதும் இன்னும் 2 மட்டுமேதான்.

அண்ணாச்சி: நீங்கள் ஒன்று எடுத்த பிறகுமா? அட்சய பாத்திரம் சார் அது! வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் ஒருத்தர் படித்துக் காட்டினார். 2023-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இந்த மாதிரி 13 வகைத் தில்லுமுல்லைப் பட்டியல் போட்டுத் தடுத்திருக்கு. இல்லாத அவசரத்தைக் காட்டுவது, கேட்காததைக் கூடையில் போடுவது, இரண்டும் பட்டியலில் முதலிலேயே வருது. நீங்கள் முதல் வகையிலேயே விழுந்துவிட்டு அமெரிக்கா வரைக்கும் ஆள் தேடுகிறீர்கள்.

சார்: அப்போ மூளைக்குள் யாரும் நுழையவில்லை என்கிறீர்களா?

அண்ணாச்சி: திறந்த வாசலில் ஏன் சார் சுவர் ஏறிக் குதிக்கணும்? கையில் பிஸ்கட் வைத்திருக்கிறீர்களே, அதையே பாருங்கள். ஐந்து ரூபாய் அப்படியே இருக்கு. உள்ளே கிராம்தான் கொஞ்சம் கொஞ்சமாக இளைக்குது. எடையை வெளியே அச்சடித்துத்தான் விற்கிறான். அதைப் படித்துவிட்டு ஏன் குறைஞ்சது என்று இந்தக் கடையில் கேட்ட ஆள் ஒருத்தர் கிடையாது. இல்லாத எழுத்தைப் படிக்க மட்டும் டியூப்லைட் வெளிச்சம் பத்தலை.

சார்: இருந்தாலும்...

அண்ணாச்சி: இருந்தாலும் என்ன? மறைந்திருந்து ஏமாற்றினான் என்றால் உங்களுக்கு ஒரு மரியாதை. சிவப்பு எழுத்தைப் பார்த்து ஏமாந்தேன் என்றால் வீட்டில் சாயங்காலக் காபி கிடைக்காது. அதான் பாப்கார்ன்.

சார்: நீங்கள் மட்டும் யோக்கியமோ? வெளியே போய் உங்கள் போர்டைப் பாருங்கள். முக்கால்வாசி கூல்டிரிங்க்ஸ் கம்பெனி பெயர். உங்கள் பெயரைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடணும்.

அண்ணாச்சி: போர்டு அவன் காசு. ஃப்ரிட்ஜும் அவனுடையது, முன்னாடிதான் வைக்கணும், கண்ணுக்கு நேராக அவன் பாட்டில்தான் இருக்கணும். எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேனா, மதியம் ஆனால் எனக்கே தாகம் எடுக்குது. காசு போட்டுத்தான் குடிக்கிறேன்.

சார்: ஷாம்பு சரம் தலையில் இடிக்கிற மாதிரி தொங்குகிறது.

அண்ணாச்சி: இடித்தால்தான் ஞாபகம் வரும். சரி, என்ன வேணும்? பாப்கார்ன் சோளம் புதுசாக வந்திருக்கு.

சார்: ஒன்றும் வேண்டாம். தயிர், ரவை, இந்த பிஸ்கட். கறிவேப்பிலை கொஞ்சம் சும்மா போடுங்கள்.

அண்ணாச்சி: மளிகை எல்லாம் போனில், கறிவேப்பிலை மட்டும் அண்ணாச்சியிடம். கொடுங்கள். நூறில் தொண்ணூற்றேழு போக மூணு. சில்லறை இல்லை, மிட்டாய் மூணு போட்டிருக்கேன்.

சார்: நான் மிட்டாய் கேட்கவே இல்லையே! கேட்காததைக் கூடையில் போடுவது. பட்டியலில் வருது என்று இப்போதானே சொன்னீர்கள்?

அண்ணாச்சி: அது ஆன்லைனுக்கு சார். கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். வாம்மா, உளுந்து அரை கிலோவா, ஒரு கிலோவா?