கோல்ப் டிரேடும் இரண்டு முறை கட்டிய விலையும்

நட்சத்திரத் தடுப்பாட்டக்காரரைக் கொடுத்துவிட்டு, இன்னும் தேறாத ஒரு குவாட்டர்பேக்கை (பந்தை எறிந்து அணியின் தாக்குதலை நடத்துபவரை) வாங்கலாமா? அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல். பார்ப்பவர்களிடையே இது தீராத வழக்கு. கூடவே கூடாது என்பவர்களுக்கு வசதியான சாட்சி 2011 ஜூலை 28 டிரேட் (அணிகளுக்கிடையிலான வீரர் மாற்று). அரிசோனா கார்டினல்ஸ் தன் கார்னர்பேக் (ஓரத்தில் பந்து பிடிக்க ஓடுபவரை மறிப்பவர்) டொமினிக் ராட்ஜர்ஸ்-குரோமார்ட்டியையும் (சுருக்கமாக டிஆர்சி), 2012-இன் இரண்டாம் சுற்று டிராஃப்ட் பிக்கையும் (புதுமுகங்களில் ஒருவரைத் தன் முறையில் எடுக்கும் உரிமையையும்) பிலடெல்பியா ஈகிள்ஸுக்குக் கொடுத்து குவாட்டர்பேக் கெவின் கோல்பை வாங்கியது. 2013 மார்ச்சில் கோல்பை விடுவித்தும் விட்டது. இதை வைத்து "பார்த்தீர்களா?" என்று கேட்பவர்களோடு நான் பாதி தூரம்தான் போவேன். டிஆர்சியைக் கொடுத்ததில் பெரிய பிழை இல்லை. பிழை வேறு இடத்தில் இருக்கிறது.

முதலில் அரிசோனாவின் நிலைமை. 2010 ஜனவரியில் குவாட்டர்பேக் கர்ட் வார்னர் ஓய்வு பெற்றார். அந்த வருட சீசனில் டெரக் ஆண்டர்சன், மேக்ஸ் ஹால், ஜான் ஸ்கெல்டன் என்று மாற்றி மாற்றி இறக்கி 5-11 (5 வெற்றி, 11 தோல்வி). பந்தைப் பிடிக்க லாரி ஃபிட்ஸ்ஜெரால்ட் இருக்கிறார், எறியத்தான் ஆள் இல்லை. 2011 டிராஃப்டில் 5-வது பிக்கில் கார்னர்பேக் பேட்ரிக் பீட்டர்சனை எடுத்தார்கள். ஆக, 2009-இல் 6 இன்டர்செப்ஷன் (எதிரணி எறிந்த பந்தைப் பறிப்பது) எடுத்து நட்சத்திர வீரர்களுக்கான புரோ பவுலுக்குப் போன டிஆர்சி விற்கக்கூடிய சரக்காகிவிட்டார். அவர் ஒப்பந்தத்தில் மீதி இருந்ததும் இரண்டே சீசன். உபரியாக இருக்கும் இடத்திலிருந்து எடுத்து இல்லாத இடத்தை நிரப்புவதில் தர்க்கம் இருக்கிறது. (உபரி என்று நினைத்த அந்த இடத்தில் கிரெக் டோலர் சீசன் தொடங்குமுன்பே முழங்கால் தசைநார் கிழிந்து உட்கார்ந்தது தனிக்கதை.)

இன்னொன்றை மறந்துவிடுகிறோம்: அது லாக்கவுட் வருடம், அதாவது ஒப்பந்தத் தகராறில் உரிமையாளர்கள் வீரர்களை வெளியே நிறுத்திய வருடம். ஜூலை கடைசி வரை வீரர்களை டிரேட் செய்யவே முடியாது. டிராஃப்டுக்கு முன்பே கோல்பை வாங்கும் வழி கிடையாது. இரண்டாம் சுற்றில் குவாட்டர்பேக்குகளான ஆண்டி டால்டன் 35-வதாகவும் காலின் கேப்பர்னிக் 36-வதாகவும் போனார்கள். அரிசோனாவின் முறை 38. லாக்கவுட் முடிந்தபோது கையில் குவாட்டர்பேக் இல்லை, முதல் ஆட்டத்துக்கு ஆறரை வாரம்தான் இருந்தது. அவசரத்தில் இருப்பவனிடம் விலை எப்படி ஏறும் என்று ஈகிள்ஸுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த விலைக்கு என்ன சான்று இருந்தது? நான்கு வருடத்தில் ஏழே ஏழு தொடக்க ஆட்டங்கள் (முதலிலிருந்தே களமிறங்கியவை). 2009-இல் செயின்ட்ஸுக்கு எதிராக 391 கெஜம், சீஃப்ஸுக்கு எதிராக 327 கெஜம். முதல் இரண்டு தொடக்கங்களிலும் 300-ஐத் தாண்டியவர் என்று கொண்டாடினார்கள். ஆனால் அந்த 391 வந்த ஆட்டம் 48-22 தோல்வி, அதில் அவர் கொடுத்த இன்டர்செப்ஷன் மூன்று. பெரிய இடைவெளியில் பின்தங்கிய அணி எறிந்துகொண்டே இருக்கும். முன்னிலையில் உள்ள அணி நீளப் பந்தை மட்டும் மறித்துக்கொண்டு குட்டைப் பந்துகளை விட்டுக்கொடுக்கும். கெஜம் தானாகச் சேரும். மாற்று ஆளை எடைபோடும்போது மொத்தக் கெஜத்தைப் பார்க்காதீர்கள். ஸ்கோர் ஒரு டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்த்துப் புள்ளி பெறுவது) வித்தியாசத்துக்குள் இருந்தபோது எறிந்தவற்றைப் பிரித்துப் பாருங்கள். மூன்றாவது டவுனில் (பந்தை முன்னேற்றக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவதில்) ஏழு கெஜத்துக்கு மேல் தேவைப்பட்டபோது என்ன செய்தார், முதல் இலக்கு மூடப்பட்டதும் கண் இரண்டாவது ஆளுக்குப் போனதா, அல்லது கால் தாமாக வெளியே ஓட ஆரம்பித்ததா என்று பாருங்கள். 2010-இல் ஃபால்கன்ஸை அருமையாக அடித்தார், அடுத்த வாரமே டைட்டன்ஸிடம் சுருண்டார். அந்த வருடக் கணக்கு 7 டச்டவுன், 7 இன்டர்செப்ஷன். முதல் ஆட்டத்திலேயே தலையில் அடிபட்டு வெளியேறினார், அந்த இடத்தை மைக்கேல் விக் பிடித்துக்கொண்டார். இந்தச் சான்றுக்கு ஒரு இரண்டாம் சுற்று பிக் நியாயமான விலை. கூட டிஆர்சி என்றால் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

இனிதான் உண்மையான தவறு. வாங்கிய கையோடு அரிசோனா அவருக்கு ஐந்து வருட ஒப்பந்தம் போட்டது. மொத்தம் 6 கோடி டாலருக்கு மேல், உறுதிப்பணம் மட்டும் சுமார் 2 கோடி. அதாவது தேறாதவரை வாங்கும் விலையை ஈகிள்ஸுக்குக் கட்டிவிட்டு, தேறியவருக்கான விலையை கோல்புக்கும் கட்டியது. இரண்டில் ஒன்றைத்தான் கட்ட வேண்டும். அதே 2011-இல் புதிய தொழிலாளர் ஒப்பந்தம் டிராஃப்ட் சம்பளத்தை நறுக்கியது. முதல் பிக்கான கேம் நியூட்டனுக்கு நான்கு வருடத்துக்கும் சேர்த்தே சுமார் 2 கோடியே 20 லட்சம்தான். தேறாத குவாட்டர்பேக் மலிவாகிவிட்ட வருடத்தில் பழைய விலைக்கு வாங்கியிருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், இருவரும் மோதிக்கொண்டது முதல் வாரத்திலேயே. நியூட்டன் 422 கெஜம் எறிந்தார், கோல்ப் 309; அரிசோனா 28-21 என்று ஜெயித்தது. அன்று இரவு இந்த டிரேடைக் குறை சொன்னவர்கள் குறைவாகத்தான் இருந்திருப்பார்கள்.

பிறகு என்ன ஆனது? 2011-இல் 253 எறிதலுக்கு 30 முறை பந்தோடு வீழ்த்தப்பட்டார். எறியப் பின்வாங்கிய தடவைகளில் பத்தில் ஒன்றுக்கு மேல். 2012-இல் 183-க்கு 27, இன்னும் மோசம். ராம்ஸ் ஒரே இரவில் ஒன்பது முறை சாய்த்தது. குவாட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசையான லைன் பலவீனம்தான்: அந்த வருடம் அதன் இடது ஓரத்தைக் காக்கும் டேக்கிள் லெவி பிரவுன் காயத்தால் சீசன் முழுக்க இல்லை. ஆனால் இப்படிப் பந்தோடு வீழ்த்தப்படும் சேக் எண்ணிக்கையில் குவாட்டர்பேக்கின் பங்கும் பெரிது. பந்தைப் பிடித்துக்கொண்டே நிற்பவர் எந்த லைனுக்குப் பின்னாலும் அடி வாங்குவார். 2012-இல் அவர் சரியாகத்தான் எறிந்தார், 8 டச்டவுனுக்கு 3 இன்டர்செப்ஷன், அணி 4-0 என்று தொடங்கியது. உடம்புதான் தாங்கவில்லை. இரண்டு சீசனில் 14 தொடக்கங்கள். லைனைச் சரிசெய்யாமல் குவாட்டர்பேக்கில் பணம் கொட்டுவது, கூரை ஒழுகும் வீட்டுக்குப் புது டிவி வாங்குவது மாதிரி.

சரி, ஈகிள்ஸ் கொழுத்ததா? அதுவும் இல்லை. அசாண்டே சாமுவேல் ஏற்கெனவே இருந்தார், மறுநாளே நாம்டி அசோமுகாவும் வந்தார். ஓரத்தில் ஆட வேண்டிய மூன்று பேர், இடமோ இரண்டு. டிஆர்சியை உள்ளே, ஓரத்துக்கும் நடுவுக்கும் இடைப்பட்ட ஸ்லாட்டில் தள்ளினார்கள். ஓரத்தில் எல்லைக்கோடு பாதி வேலையைச் செய்யும். ஸ்லாட்டில் ஆள் இரண்டு பக்கமும் திரும்பலாம், ஓட்டக்காரரைக் கட்டிப்பிடித்துச் சாய்க்கவும் வேண்டும். உயரமாய், மெலிந்து, நீள ஓட்டத்தில் கெட்டிக்காரரான டிஆர்சிக்கு அது ஒத்துவரவில்லை. தடுப்பாட்டத்தை நடத்தியவரோ அதுவரை அஃபென்சிவ் லைன் பயிற்சியாளராக இருந்த ஹுவான் காஸ்டியோ. அணி 8-8. நட்சத்திரத் தடுப்பாட்டக்காரரின் மதிப்பு அவர் கூடவே மூட்டை கட்டிக்கொண்டு வருவதில்லை.

தேறாத குவாட்டர்பேக்கை வாங்கி வென்றவர்களும் உண்டு. 1992-இல் கிரீன் பே முதல் சுற்று பிக் கொடுத்து பிரெட் ஃபார்வை வாங்கியபோது அவர் என்.எஃப்.எல்.லில் எறிந்தது நான்கே பந்து: ஒன்றும் தன் ஆளிடம் சேரவில்லை, இரண்டு எதிரணியிடம் போயின. ஆனால் வாங்கிய மேலாளர் ரான் உல்ஃப் முந்தின வருடம் ஜெட்ஸில் இருந்தபோதே அவர்மேல் கண் வைத்திருந்தவர். 2017 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோ, இரண்டே தொடக்கங்கள் ஆடியிருந்த ஜிம்மி கரொப்போலோவை ஒரு இரண்டாம் சுற்று பிக்குக்கு வாங்கியது. ஐந்து ஆட்டம் தொடங்க வைத்தது, ஐந்தும் வெற்றி. அதன்பிறகுதான் 2018 பிப்ரவரியில் 13 கோடியே 75 லட்சம் டாலர் ஒப்பந்தம். அந்த ஐந்து ஆட்டத்தின் நடுவில் அவரும் கோல்பைப் போல் அடிபட்டு உட்கார்ந்திருந்தால் இழப்பு ஒரு பிக்கோடு போயிருக்கும்.

அரிசோனாவுக்குக் கடைசியில் குவாட்டர்பேக் கிடைக்கத்தான் செய்தார். கோல்பை விடுவித்த அடுத்த மாதமே ஒரு ஆறாம் சுற்று பிக்கும், நிபந்தனையோடு ஒரு ஏழாம் சுற்று பிக்கும் கொடுத்து ஓக்லண்டிலிருந்து கார்சன் பால்மரை வாங்கியது. வயது 33. அந்த சீசன் 10-6, 2015-இல் 13-3. நட்சத்திரம் யாரையும் கொடுக்கவில்லை.